கரிச்சட்டிக் கறுப்பு

புஷ்பவதி மடிக்குள் மறைத்து வைத்திருந்த கறுப்புப் பேணியை ஒருதரம் தலைகீழாகப் புரட்டவும், சாம்பல்தீவுச் சனம் பஸ்ஸில் வந்து இறங்கி "ஐயோ!" என்று படலையைத் தள்ளிக்கொண்டு விழுந்து வரவும் சரியாக இருந்தது.

கூடத்தின் நடுவில் கட்டிலில் சோமசேகரம் கிடந்தார். நேற்றுக் காலைவரை துறைமுகத்தடியில் ஸ்ரூடியோ வைத்திருந்த மனிதர், அவளுடைய புருஷன். வெளிச்சம் புகாத அந்தப் பேணிக்குள் இருந்தது அவர் கடைசியாகப் பிடித்த பிலிம். மருந்து ஊற்றியாயிற்று. ஊற்றினால் சும்மா வைக்கக்கூடாது, குலுக்கவேண்டும். ஸ்ரோர் அறைக்குள் நின்று குலுக்கிக்கொண்டிருந்தவளை, "வாற சனத்துக்கு முகத்தைக் காட்டு" என்று இழுத்து வந்து தலைமாட்டில் இருத்திவிட்டார்கள். என்ன செய்வாள்? பேணியையும் முந்தானைக்குள் செருகிக்கொண்டு வந்துவிட்டாள்.

நல்ல காலம், ஒப்பாரிக்கு ஆட்டம் உண்டு. பெண்கள் கட்டிப்பிடித்து இப்படியும் அப்படியும் ஆட, பேணியும் ஆடியது. பிலிம் கழுவ இதைவிட நல்ல மெஷின் கொழும்பிலும் கிடையாது.

"என்ன மச்சாள், மடிக்குள்ள தண்ணிச் சத்தம் கேக்குது?" என்று காதுக்குள் கேட்டாள் குணேஸ்வரி, செத்தவரின் தங்கை.

"மருந்து."

பொய் இல்லையே! குணேஸ்வரி "பாவம்" என்று முதுகைத் தடவிவிட்டாள்.

நேற்று முழுவதும் அழுது புஷ்பவதிக்குக் கண் வற்றிப்போயிருந்தது. இப்போது அவள் பேணியை இறுக்கிப் பிடித்திருந்ததற்குக் காரணம் வேறு. கலியாணம் கட்டின நாளிலிருந்து நடந்த ஒரு சண்டைக்குத் தீர்ப்பு அந்தப் பேணிக்குள் ஊறிக்கொண்டிருந்தது.

சண்டை இதுதான். வயிற்றுப்பாட்டுக்கு அடையாள அட்டைப் படம் பிடிக்கிற சோமசேகரம், கொஞ்சம் ஓய்ந்தால் கமராவோடு தெருவில் இறங்கிவிடுவார். பிடிக்கிறது அவர், கழுவிப் படம் போடுகிறது அவள். "கறுப்பு எண்டா கரிச்சட்டியின்ர அடி மாதிரிக் கிடக்கவேணும் புஷ்பம். அப்பத்தான் படத்துக்கு ஆழம்" என்பார். "நிழலுக்குள்ளயும் சனம் நிக்குது. அதுகளை மைக்குள்ள தாட்டுப்போட்டு ஆழமாம் ஆழம்!" என்பாள் இவள். சோற்றுக் கோப்பையோடும் இதே சண்டை. ஷெல் விழுந்த நாட்களில் பங்கருக்குள் குந்திக்கொண்டும் இதே சண்டைதான். அவர் எப்போதும் வெயிலின் வெளிச்சத்துக்கு அளந்துதான் பிடிப்பார். நெகட்டிவில் நிழல் ஒன்றும் பதியாமல் வெறும் கண்ணாடியாக வரும். இல்லாத முகத்தை அவள் எங்கே போய்த் தேடுவாள்? செத்தாலும் விட்டுக்கொடுக்காத மனிதர்.

அந்த மனிதர் நேற்றுக் காலை மூச்சு வாங்க ஓடிவந்தார்.

"புஷ்பம்! உடன கழுவு! மண்ணெண்ணெய் வரிசையைப் பிடிச்சனான். இண்டையோட எங்கட சண்டை முடிஞ்சுது. ஒராள் தோத்தாச்சு!"

"ஆர் தோத்தது?"

"கழுவிப் பார். வாயால சொல்லமாட்டன்."

திருவிழாவுக்கு வந்த பிள்ளைபோலக் கண் மினுங்கியது. கதிரையில் இருந்துகொண்டு தேத்தண்ணி கேட்டார். அவள் குசினியிலிருந்து கொண்டுவந்தபோது தலை ஒருபக்கம் சரிந்துவிட்டது. கமராவை மட்டும் இரண்டு கையாலும் பிடித்தபடி இருந்தார்.

ஆர் தோத்தது? அது தெரியாமல் அவரை அனுப்ப அவளுக்கு ஏலாது. ஆறு மணிக்கு ஊரடங்கு. மூன்று மணிக்கே பிரேதத்தை எடுக்கவேண்டும் என்று செத்தவரின் தமையன் தம்பிராசா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அழுகை கொஞ்சம் ஓய்ந்ததும் படத்தை நிலைநிறுத்துகிற மற்ற மருந்தையும் ஊற்றி அலசி, பிலிமைக் குசினிக் கொடியில் தொங்கவிட்டாள். கடற்காற்று அதைக் காயவைத்தது. ஆண்கள் பிரேதத்தைக் குளிப்பாட்டத் தூக்கிய நேரம் பார்த்து ஸ்ரோருக்குள் புகுந்து நெகட்டிவைப் பல்புக்கு நேரே பிடித்தாள்.

"அட கடவுளே!"

நெகட்டிவில் வெள்ளை கறுப்பாக, கறுப்பு வெள்ளையாகத் தெரியும். வெயில் விழுந்த றோட்டு தீய்ந்த தோசைபோல ஒன்றுமே தெரியாமல் கிடந்தது. ஆனால் பண்டகசாலைச் சுவரின் நிழல், கண்ணாடியாக இருக்கவேண்டிய அந்த இடம், முழுக்க முகங்கள்! எண்ணெய்க் கானும் கையுமாக நின்ற ஒவ்வொரு முகமும், கண்ணும் மூக்கும் சுருக்கமுமாக. மனிதர் நிழலுக்கு அளந்து பிடித்திருக்கிறார்! தன்னுடைய அருமை வெயிலைத் தூக்கி எறிந்துவிட்டு!

"தோத்திட்டியள்!" என்றாள். சிரிப்புப் பொங்கி வந்தது. முந்தானையை வாய்க்குள் அடைத்துக்கொண்டாள். அடைத்த இடத்தில் சிரிப்பு அழுகையாயிற்று.

படமாய்ப் போட்டு அவர் கையில் கொடுக்கவேண்டும். ஆனால் படத்தாள் பெட்டிக்குள் பெரிய தாள் ஒன்றே ஒன்றுதான். கொழும்புச் சாமான் வந்து கனநாள். அதுவும் அவருடைய தாள். கறுப்பைக் கரியாக்கி வெள்ளையைச் சுண்ணாம்பாக்குகிற முரட்டுத் தாள். பிழைவிட்டால் போச்சு.

கதவைப் பூட்டிச் சிவப்பு லைற்றைப் போட்டாள். தாளை வைத்து, மேலிருந்து நெகட்டிவின் வெளிச்சத்தை அதன்மேல் விழவிட்டாள். முகங்கள் இருந்த பக்கம் கையைக் குவித்து நிழல் பிடித்து மெல்ல அசைத்தாள். கை மறைக்கிற இடம் அவ்வளவாகக் கறுக்காது. சுவரை மறைக்கவில்லை. அது கறுக்கட்டும், நன்றாகக் கறுக்கட்டும். "நமசிவாய, நமசிவாய" என்று வாய் எண்ணியது. மணிக்கூடு பழுதான நாள்முதல் அவளுக்கு அதுதான் கணக்கு.

கதவு இடிபட்டது.

"புஷ்பம்! ஐயர் காத்துக்கொண்டிருக்கிறார், திற!" தம்பிராசாதான். இந்த நேரம் கதவு திறந்தால் உள்ள ஒரே தாளும் நாசம். அவள் எண்ணிக்கையை விடவில்லை, சத்தத்தைக் கூட்டினாள். "நமசிவாய! நமசிவாய!"

வெளியே குணேஸ்வரி கதவில் காதை வைத்தாள்.

"அண்ணை, சத்தம் போடாதேங்கோ. மச்சாள் உள்ளுக்குச் சிவன்ர நாமம் சொல்லுறா."

இடி நின்றது. கூடத்தில் யாரோ ஒரு பெரியவர் உருகிப்போய்த் தேவாரமே தொடங்கிவிட்டார். தேவாரம் முடிவதற்குள் தட்டத்து மருந்துக்குள் முகங்கள் ஒவ்வொன்றாக எழும்பி வந்தன.

ஈரம் சொட்டச் சொட்டப் படத்தை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு அவள் கூடத்துக்கு வந்தபோது தம்பிராசாவுக்குக் கண் சிவந்துவிட்டது.

"இதென்ன பிள்ளை கூத்து? செத்தவீடெண்டும் பாக்காமல்..."

அவர் முடிக்கவில்லை. பக்கத்து வீட்டு ஆமினா உம்மா கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு, "அல்லாஹ்! இது நானெல்லோ! என்ட ஓட்டைக் கானோட நிக்கிறன்!" என்று கத்திவிட்டார்.

அவ்வளவுதான். மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த சனமெல்லாம் எழும்பிவிட்டது. "இஞ்சை பார் குணேசு, நீ வாயைப் பிளந்துகொண்டு நிக்கிறாய்!" "இது ஆர், எங்கட தேத்தண்ணிக்கடை முனாப்பே?" "தள்ளடி, நான் பாக்கேல்லை!" நேற்று அந்தச் சுவரடியில் எண்ணெய்க்குக் காய்ந்தவர்கள்தான் இன்று இங்கே அழ வந்திருந்தார்கள். தம்பிராசா எல்லாரையும் விலக்கிக்கொண்டு வந்தார். ஏசத்தான் வந்தார். கிட்ட வந்து குனிந்து பார்த்தார்.

"நானும் நிண்டனானே. என்னைக் காணேல்லை?"

"அந்தா பெரியத்தான், கடைசியில. ஆக்களை இடிச்சுக்கொண்டு முன்னுக்குப் பூரப் பாக்கிறியள்" என்றாள் புஷ்பவதி.

செத்தவீடு கொல்லென்று சிரித்தது. தம்பிராசாவும் சிரித்து, சிரித்த வாயோடு தம்பியின் பெயரைச் சொல்லி ஓவென்று அழுதார்.

படத்தில் அவருடைய தலைக்கு மேலே, கன்னங்கரிய சுவரில், வெளிறிய ஒரு அடையாளம் விழுந்திருப்பதை அப்போதுதான் புஷ்பவதி கண்டாள். அவளுடைய பெருவிரல். கை கொஞ்சம் விலகியிருக்கிறது. சோமசேகரம் பார்த்திருந்தால் வீடு இரண்டாகியிருக்கும்.

ஐயர் வாய்க்கரிசிக்குக் கூப்பிட்டார். பிரேதப் பெட்டிக்குள் வேட்டி சால்வையோடு படுத்திருந்தவரின் நெஞ்சில் படத்தை வைத்து, அவர் கையை எடுத்து அதன்மேல் வைத்தாள். காதடியில் குனிந்தாள்.

"தோத்தது நீங்கள்தான். எண்டாலும் சுவரைக் கரிச்சட்டியாத்தான் விட்டனான்."

அரிசியை அள்ளிப் போட்டாள். கையில் இன்னும் மருந்து ஈரம். பாதி அரிசி விழவில்லை, விரல்களில் ஒட்டிக்கொண்டு நின்றது.

"உதறு பிள்ளை" என்றார் தம்பிராசா.

அவள் விரல்களை மடக்கிக்கொண்டாள்.