டூப்ளிகேட்

பக்கிள் இரண்டாவது முறையும் நழுவியது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கணவனின் இடது மணிக்கட்டைச் சற்றே தூக்கி, ஸ்டீல் பட்டையின் இரு முனைகளையும் மறுபடி சேர்த்து அழுத்தினாள். இந்தத் தடவை 'டக்'கென்று பிடித்துக்கொண்டது. கட்டுவதற்கு முன்பே வாட்சை நாலைந்து முறை குலுக்கியிருந்தாள். கை அசைவில் ஓடுகிற ரகம் அது. இரண்டு நாளாகக் கையில் ஏறாமல் நின்றுபோயிருந்த நொடி முள் ஒரு சிலுப்பு சிலுப்பி நகரத் தொடங்கியிருந்தது.

"பச்சைதானா?" என்றாள் மகள், பெட்டியின் மறுபக்கத்திலிருந்து.

"பச்சைதான். வேற எது?"

"சட்டைக் கையை இழுத்து விடட்டுமாம்மா?"

"வேணாம், தெரியட்டும். உங்கப்பா என்னைக்கு வாட்சை மறைச்சாரு?"

மகள் அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். பஸ்ஸில் உட்கார இடம் இருந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மனிதர் அவர். கையை உயர்த்திப் பிடித்தால்தானே நாலு பேர் கண்ணில் படும்.

லிஃப்ட் மெக்கானிக். வயது ஐம்பத்தாறு. செவ்வாய்க்கிழமை ஒரு கட்டடத்தின் பதினோராவது மாடியில் மோட்டாரைக் கழற்றிப் போட்டுவிட்டு, தண்ணீர் குடிக்க உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இன்று வியாழன். முன்னறையில் நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளிவிட்டுப் பெட்டியை வைத்திருந்தார்கள். பதினொன்றரைக்கு வண்டி வரும்.

அவருக்குக் குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. வாட்ச் உண்டு. "பிச்சைக்காரனால வாங்க முடியாது, பணக்காரன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். நடுவுல நிக்குது பாரு, அதான் நம்ம ரகம்" என்பார். அந்த நடுவில் நிற்பதற்கே அவர்களுக்கு மூச்சு முட்டும். ஒரு வாட்ச் என்றால் அவருடைய ஒரு மாதச் சம்பளம், சில சமயம் அதற்கும் மேலே. அதனால் கல்யாணமான மூன்றாம் வருஷமே இருவரும் உட்கார்ந்து சட்டம் போட்டுக்கொண்டார்கள். வாட்ச் பெட்டியில் ஆறுக்கு மேல் கூடாது. புதிதாக ஒன்று வர வேண்டுமென்றால் பழையது ஒன்று போக வேண்டும். விற்றது போக மீதிக்கு அவர் விடுமுறை நாள்களிலும் கூப்பிட்ட இடத்துக்குப் போவார். அவள் சோபா மாற்றுவதை இன்னொரு வருஷம் தள்ளிப்போடுவாள்.

எதை விற்பது என்கிற வழக்கு ஒரு வாரம் நடக்கும். சாப்பாட்டு மேஜையில் ஆறையும் வரிசையாகப் பரப்பி வைத்து, "நீயே சொல்லு" என்பார். அவள் சொல்வதைத்தான் கடைசியில் விற்பார். மருந்துக் கடையில் இருபது வருஷமாக ஸ்டாக் எழுதுகிறவள் அவள். மாத்திரைப் பெயர்களோடு சேர்ந்து வாட்ச் மாடல் எண்களும் எப்படியோ அவள் மண்டையில் ஏறி உட்கார்ந்துவிட்டிருந்தன.

பச்சை டயல் மட்டும் சட்டத்துக்குள் அடங்காமல் வந்தது. கடையில் அதை நாலு முறை கையில் கட்டிப் பார்த்து, நாலு முறையும் கழற்றிக் கொடுத்துவிட்டு, "பார்த்தாச்சு, போதும்" என்று வெளியே வந்தார். அவர் அப்படிச் சொன்னதை அவளால் தாங்க முடியவில்லை. மருந்துக் கடைக்காரரிடம் பேசி, சனிக்கிழமை மதிய ஷிஃப்டையும் வாங்கிக்கொண்டாள். பதினான்கு மாதம் சனிக்கிழமை மதியத் தூக்கம் போயிற்று, முழங்காலும் போயிற்று. பிறகு ஒருநாள் தனியாகப் போனாள். விற்பனைப் பையன் லேடீஸ் வாட்ச் தட்டை எடுத்து நீட்ட, "அது இல்ல, அந்தப் பச்சை. கண்ணாடி சஃபையர்தானே? வாரண்டி கார்டுல தேதி போட்டுக் குடுங்க" என்றாள். அவன் மரியாதையாக எழுந்து நின்றான்.

இருபத்தைந்தாவது கல்யாண நாளன்று தட்டின் அடியில் வைத்துக் கொடுத்தாள். அவர் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு வெகுநேரம் கழித்து வந்தார். மூக்கெல்லாம் சிவந்திருந்தது.

மூன்று வருஷம் ஆகிறது.

பத்தரை மணிக்கு அவருடைய வாட்ச் கூட்டாளிகள் மூன்று பேர் வந்தார்கள். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், ஒரு கணக்கு வாத்தியார், ஸ்கூல் பஸ் டிரைவர். கணவர் பேச்சில் நன்றாகப் பழகியவர்களே தவிர, அவள் நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. ஞாயிறு காலைகளில் கண்ணாடிக் கடையின் பின்னறையில் கூடுவார்கள். "நானும் ஒருநாள் வரட்டுமா?" என்று இரண்டு மூன்று தடவை கேட்டிருக்கிறாள். "ஆம்பளைங்க வெட்டிப் பேச்சு. உனக்கு போரடிக்கும்" என்பார். திரும்பி வரும்போது பேக்கரியில் அவளுக்குப் பிடித்த கேக் ஒரு துண்டு மறக்காமல் வாங்கி வருவார்.

வாசலில் அவளைப் பார்த்ததும் மூன்று பேரும் ஒரே சமயத்தில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்டவர்கள் போல இருந்தது. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. உள்ளே போய்ப் பெட்டியருகே நின்றார்கள். டிரைவர் தேம்பினார். கண்ணாடிக் கடைக்காரரின் பார்வை முகத்திலிருந்து மணிக்கட்டுக்கு இறங்கி அங்கேயே நின்றது. வாத்தியாரின் காதில் ஏதோ சொன்னார். பிறகு மெல்ல அவளிடம் வந்தார்.

"அண்ணி, ஒரு நிமிஷம் தனியா பேசலாமா?"

சமையலறைக்குக் கூட்டிப்போனாள். அவர் கதவை ஒருக்களித்துச் சாத்தினார்.

"தப்பா எடுத்துக்கக் கூடாது. அண்ணன் கையில இருக்கிற வாட்சைக் கழட்டிடுங்க."

"ஏன்?"

"அது வந்து..." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்ககிட்ட அவர் என்ன சொல்லியிருந்தாருன்னு எங்களுக்குத் தெரியும். நடைபாதையில வாங்கின டூப்ளிகேட்னு சொல்லியிருந்தாரு. ஆனா அது ஒரிஜினல் அண்ணி. சத்தியமா ஒரிஜினல். உங்களுக்குத் தெரியாம ஓவர்டைம் காசைச் சேர்த்து வாங்கினாரு. உங்களுக்கு பயந்துதான் அப்படிச் சொன்னாரு. போன மனுஷன் மேல கோவப்படாதீங்க. மண்ணுக்குள்ள போயிட்டா உங்களுக்குத்தானே நஷ்டம்னு சொல்றேன்."

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் போய் அதை இறுக்கி மூடினாள். அது ஏற்கனவே மூடித்தான் இருந்தது, வாஷர் தேய்ந்த குழாய். இன்னும் ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"டூப்ளிகேட்னு எங்கிட்ட சொன்னதா அவரே சொன்னாரா?"

"ஆமா அண்ணி. சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு."

கதவு திறந்தது. மகள் நின்றிருந்தாள். முகத்தைப் பார்த்தாலே எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்று தெரிந்தது.

"அங்கிள், அந்த வாட்ச் எங்கம்மா—"

"நீ அப்பா பக்கத்துல போய் இரு" என்றாள் அவள்.

"அம்மா!"

"போன்னு சொன்னேன்ல."

ஒரே ஒரு வாக்கியம் போதும். நான்தான் வாங்கிக் கொடுத்தேன். மருந்துக் கடை பில் கட்டு மாதிரி வாட்ச் கடை பில்லும் அலமாரியில் இருக்கிறது, அவள் கையெழுத்தோடு. சொன்னால் இவர் முகம் மாறும். போய் மற்ற இருவரிடமும் சொல்வார். அந்த நிமிஷத்திலிருந்து முன்னறையில் படுத்திருக்கிறவர் பொய்யராகிவிடுவார். பதில் சொல்லவும் அவரால் முடியாது.

"எனக்குத் தெரியாதுங்க" என்றாள். "நல்லவேளை சொன்னீங்க. நீங்க பின்பக்கம் உட்காருங்க, டீ கொண்டுவரேன்."

பக்கத்து வீட்டுப் பெண் போட்டுவைத்திருந்த டீயைத் தானே தட்டில் எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். மூவரும் எழுந்து நின்றார்கள். அவள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"என்னைப் பத்தி அங்க என்ன பேசுவாரு?"

மூவரும் டீ டம்ளரைப் பார்த்தார்கள்.

"பரவாயில்ல, சொல்லுங்க. இனிமே யாருகிட்டப் போய்க் கேக்கப் போறேன்?"

டிரைவர்தான் ஆரம்பித்தார். வெள்ளந்தியான ஆள். "உங்களுக்கு ஒரு பேரு வெச்சிருந்தாரு அண்ணி. கஸ்டம்ஸ்."

"கஸ்டம்ஸா?"

"புது வாட்ச் வாங்கினா, 'இதைக் கஸ்டம்ஸ் தாண்டி உள்ள கொண்டு போகணுமே'ன்னு புலம்புவாரு. ஒரு தடவை டிபன் பாக்ஸ்ல வெச்சுக் கொண்டு போனாராம். நீங்க திறந்து பார்த்துட்டு, ஒரு வாரம் சோறு போடலையாமே?"

டிபன் பாக்ஸ் அவளுக்கு ஞாபகம் இருந்தது. மழை நாள் அது. வாட்ச் நனையாமல் இருக்க டிபன் பாக்ஸில் வைத்துக் கொண்டுவரும்படி யோசனை சொன்னதே அவள்தான். அன்றைக்கு இருவரும் ஒரே துண்டால் தலை துவட்டிக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்புறம்?"

"அந்த ஜன்னல் கதை" என்றார் வாத்தியார், லேசாகச் சிரித்து. "கோவத்துல ஒரு வாட்சை ஜன்னல் வழியாத் தூக்கிப் போட்டீங்களாம். அவர் வெளிய ஓடிப் போய்ச் செடிக்குள்ள தேடினாராம். அதை அவர் நடிச்சுக் காட்டணும், பார்க்கணும் நீங்க. வயிறு வலிக்கும்."

அப்படி ஒன்று நடக்கவேயில்லை.

அவளும் சிரித்தாள். சிரிப்பு வந்த விதம் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள். இவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த அந்த நேரத்தில், இங்கே அவள் ஆறு வாட்சையும் மெல்லிய துணியால் துடைத்து வைத்துக்கொண்டிருந்திருப்பாள். பேக்கரி கேக் எதற்காக என்று நினைத்தாள். பாத்ரூமில் அழுதது உண்மையா? அழுத முகத்தோடு உள்ளேயே நின்று இந்தக் கதையை யோசித்துக்கொண்டிருந்தாரா? சண்டை போட்டாவது கேட்டிருக்கலாம். இருபத்தெட்டு வருஷத்தில் பெரிதாக ஒரு சண்டைகூட அவர்களுக்குள் வந்ததில்லை. வந்திருந்தால் அந்தக் கதைகளுக்காவது ஒரு ஆதாரம் இருந்திருக்கும்.

"ஆனா ஒண்ணு அண்ணி" என்றார் டிரைவர், கண்ணைத் துடைத்தபடி. "உங்களைப் பத்திப் பேசாம ஒரு ஞாயித்துக்கிழமை போனதில்ல."

"அப்படியா" என்றாள். காலி டம்ளர்களை எடுத்துத் தட்டில் அடுக்கினாள். ஒன்றோடொன்று மோதிச் சத்தம் கேட்டது. மெதுவாகத்தான் அடுக்குகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே மகள் நடைவழியில் மறித்தாள். "ஏம்மா சும்மா இருந்த? அப்பா உன்னைக் கேவலப்படுத்தியிருக்காரு. நீ போய் அவங்களுக்கு டீ குடுத்துட்டு வர்ற."

"வண்டி வந்துடுச்சா பாரு."

"அம்மா, நான் போய்ச் சொல்லட்டுமா?"

"எதை?"

மகள் வழியை விட்டு விலகினாள்.

வண்டி வந்திருந்தது. ஈமச்சடங்கு நிறுவனத்தின் ஆள் ஒருவர், கறுப்புச் சட்டை, கையில் ஒரு அட்டை. மூடப்போவதாகச் சொன்னார். எல்லோரும் சுற்றி நின்றார்கள். அவர் முகத்தை அவள் பார்க்கவில்லை. பச்சை டயலைத்தான் பார்த்தாள். கண்ணாடிக் கடைக்காரர் பொறுக்க முடியாமல் ஓரடி முன்னே வந்தார்.

"அண்ணி... வாட்ச்."

அறையில் இருந்த அத்தனை கண்களும் அவள் பக்கம் திரும்பின.

"இருக்கட்டும்" என்றாள். "டூப்ளிகேட்தானே."

"இல்ல அண்ணி, நான்தான் சொன்னேனே—"

"அவர் டூப்ளிகேட்னு சொல்லியிருந்தா அது டூப்ளிகேட்தான்." குரல் உயரவில்லை. "எங்கிட்ட அவர் பொய் சொன்னதில்ல."

கண்ணாடிக் கடைக்காரர் ஓரடி பின்வாங்கினார். வாத்தியார் தலையைக் குனிந்தார். இதைப் போய் அடுத்த ஞாயிறு எப்படிச் சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். கஸ்டம்ஸ் கடைசிவரை ஏமாந்தது என்பார்கள். மூடி இறங்கியது. திருகாணிகளை ஒவ்வொன்றாக முடுக்கினார்கள். மூன்று கூட்டாளிகளும் பெட்டியை முன்பக்கம் தாங்கினார்கள். வாசற்படியில் இறக்கும்போது டிரைவரின் சட்டைக் கை மேலேறி, அவர் கட்டியிருந்த நீல டயல் வாட்ச் வெளியே தெரிந்தது. அவர் அவசரமாக அதை இழுத்து மூடப்பார்த்தார். கை காலியாக இல்லை.

வண்டியின் பின்கதவு சாத்தப்பட்டதும், கறுப்புச் சட்டைக்காரர் அட்டையை அவளிடம் நீட்டினார். அதில் ஒரு படிவம் செருகியிருந்தது.

"உடம்போட போற நகை, பொருள் எதாவது இருந்தா இதுல எழுதிக் கையெழுத்து போடணும்மா. எங்க ஆபீஸ் ஃபைலுக்குத்தான். ஒரு வாட்ச் பார்த்தேன்."

"ஆமா."

"வாட்ச் ஒண்ணுன்னு போட்டா போதும்."

அவள் பேனாவை வாங்கி, அட்டையை வண்டியின் மேல் வைத்துக்கொண்டாள். மருந்து லேபிள்களில் எழுதி எழுதிக் குண்டுமணி போலாகியிருந்த கையெழுத்தில், கம்பெனி பெயரை எழுதினாள். மாடல் எண்ணை, நடுவில் வரும் கோட்டோடு எழுதினாள். ஆட்டோமேட்டிக் என்று எழுதினாள். நாற்பது மில்லிமீட்டர், பச்சை டயல், சஃபையர் கண்ணாடி, ஸ்டீல் பட்டை, இரண்டு கண்ணி கழற்றியது. படிவத்தில் இடம் முடிந்துவிட்டது.

"போதும்மா" என்றார் அவர் தணிந்த குரலில். மகள் காரிலிருந்து இறங்கி வந்து பக்கத்தில் நின்றாள்.

அவள் தாளைப் பக்கவாட்டில் திருப்பி, ஓரத்தில் இருந்த வெள்ளை இடத்தில், பின்மூடியில் பொறித்திருந்த ஏழு இலக்க எண்ணை எழுதத் தொடங்கினாள்.