பல் டாக்டரின் இரண்டாவது வரிசை

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கணக்கு டீச்சரின் பிஸ்டல் பல்லை இளித்துவிட்டது.

ஐந்து தோட்டா வரை ஒழுங்காகத்தான் சுட்டது. ஆறாவதில், யாரோ தகரக் கதவை எட்டி உதைத்தது போல ஒரு சத்தம். தோட்டா அடைக்கிற மேகசின் கைப்பிடிக்குள்ளிருந்து பிய்த்துக்கொண்டு தரையில் விழுந்தது. கைப்பிடியின் இரண்டு பக்கத் தகடுகளும் விரிந்து, பிஸ்டல் கொட்டாவி விடுகிற மாதிரி இருந்தது. டீச்சர் கண்ணாடி போட்டிருந்ததால், கடவுள் புண்ணியத்தில் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. உள்ளங்கை சிவந்து எரிந்தது. விரலில் ஒரு கீறல்.

"நாளைக்குப் போட்டி," என்றார் டீச்சர் கையை உதறிக்கொண்டே. "இன்னைக்கா இதுக்குக் கொட்டாவி வரணும்?"

துப்பாக்கி சுடும் கழகத்தின் செயலாளர் ஓடி வந்தார். எந்தப் பிரச்சினைக்கும் ஐந்து நிமிடத்துக்குள் ஒரு குற்றவாளி கிடைக்காவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. அன்று இரண்டே நிமிடத்தில் கிடைத்துவிட்டார்.

"போன வாரம் இதுக்கு ஸ்பிரிங் மாத்தினது யாரு?"

மாற்றியது கழகத்து மெக்கானிக். கட்டடத்தின் பின்பக்கம், ஒரு ஜன்னலும் ஒரு நீள மேஜையும் உள்ள அறையில் பதினெட்டு வருடமாகத் துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பவர்.

அவர் வாதாடவில்லை. குனிந்து, தரையில் கிடந்த, சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூட்டை எடுத்துப் பார்த்தார். பித்தளைக் கூட்டின் அடிப்பக்கம் வீங்கி, ஓரிடத்தில் கிழிந்திருந்தது. ஸ்பிரிங் கெட்டால் தோட்டா சிக்கிக்கொள்ளும். கூடு இப்படி வீங்காது. உள்ளே வெடிமருந்து அளவுக்கு மேல் போனால்தான் வீங்கும்.

"சார், கோளாறு தோட்டாவுல."

"தோட்டா யார் கொடுத்தது டீச்சர்?"

டீச்சர் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். இளஞ்சிவப்பு பிளாஸ்டிக் டப்பா. மூடியில் சிரிக்கிற வாய் ஒன்றின் படம். பல்செட் வைக்கிற டப்பா.

செயலாளர் சிரித்துவிட்டார். "டாக்டர் தோட்டாவா? என் ரெண்டு கடைவாய்ப் பல்லையும் எடுத்தது அவர்தான்யா. அவர் கை தப்பாது. நாலு மணிக்குக் கமிட்டி. நல்ல பதில் இருந்தா கொண்டு வாங்க. இல்லேன்னா அறைச் சாவியைக் கொண்டு வாங்க."

சுட்டுப்போட்ட கூடுகளைப் பொறுக்கி, துடைத்து, புது வெடிமருந்தும் குண்டும் வைத்து நண்பர்களுக்குச் சும்மா கொடுப்பது ஓய்வு பெற்ற பல் டாக்டரின் பொழுதுபோக்கு. அந்தப் பல் டாக்டர் மெக்கானிக்கின் மனைவிக்குக் கூடப்பிறந்த அண்ணன். அவரிடம் பல் பிடுங்கிக்கொண்டால் வலி தெரியாது. அவரிடம் போய் 'நீங்கள் செய்தது தப்பு' என்று சொன்னால் மட்டும், சொன்னவருக்கு ஆறு மாதம் வலிக்கும்.

"இதுல மிச்சத்தை யாரும் சுட வேண்டாம்," என்று டப்பாவை வாங்கிக்கொண்டு மெக்கானிக் ஸ்கூட்டரில் ஏறினார். வழியில் சிக்னலில் நின்றபோது கண்ணை மூடிக்கொண்டார். 'கடவுளே, உண்மையைச் சொல்ல ஒரு வாயைக் கொடு. மச்சானை நோகடிக்காத வாயாப் பார்த்துக் கொடு.' பின்னால் நின்ற கார்க்காரர் ஹாரன் அடித்து அந்தப் பிரார்த்தனையை முடித்து வைத்தார்.

"வாங்க மாப்பிள்ளை," என்றார் டாக்டர். "என்ன, முகத்தைப் பார்த்தா பல்வலிக்காரன் மாதிரி இருக்கு?"

மெக்கானிக் கிழிந்த கூட்டை மேஜையில் வைத்து நடந்ததைச் சொன்னார். டாக்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"ஸ்பிரிங் கோளாறு."

"ஸ்பிரிங்குக்கு இவ்வளவு ரோஷம் வராது மச்சான்."

"அப்ப என் கை கோளாறா? நாற்பது வருஷம் பல் புடுங்கின கை இது. ஒரு நாளாவது பக்கத்துப் பல்லைத் தொட்டிருக்கா?"

"ஒரு தடவை தொட்டிருக்கு," என்றது சமையலறையிலிருந்து ஒரு குரல். டாக்டரின் மனைவி. "என் பல்லுதான்."

டாக்டர் அதைக் காதில் வாங்காமல், தன் சின்னத் தராசை எடுத்து மேஜையில் வைத்தார். "போடுங்க பார்ப்போம். இதுக்கு மச்சானும் தெரியாது, மாப்பிள்ளையும் தெரியாது."

டப்பாவில் மிச்சம் நாற்பத்து நான்கு. ஒவ்வொன்றாக நிறுத்தார்கள். முப்பத்தைந்து ஒரே எடை. ஒன்பது மட்டும் கொஞ்சம் கனம், அந்த ஒன்பதும் ஒரே அளவு கனம். டாக்டரின் காது மடல் சிவந்தது.

"டீச்சர் கையில வெடிச்சதோட சேர்த்தா பத்து," என்றார் மெக்கானிக் மெதுவாக. "நீங்க கூடு அடுக்குற பலகையில ஒரு வரிசைக்கு எத்தனை குழி மச்சான்?"

பத்துதான். ஐந்து வரிசை, ஐம்பது குழி. ஒரு கூட்டில் மருந்து போட்டதும் பித்தளைப் புனலை அதன் மேல் வைப்பது டாக்டரின் வழக்கம். நடுவில் எழுந்து போனாலும் புனல் அங்கேயே நிற்கும். திரும்பி வந்து அதற்கு அடுத்த கூட்டிலிருந்து தொடங்குவார்.

"நடுவுல எழுந்தீங்களா?"

"செவ்வாய்க்கிழமை அந்த லாரி டிரைவர் வந்தான். ஆறடி ஆளு, வாசல்ல நின்னு குழந்தை மாதிரி அழறான். போய்ப் பல்லை எடுத்துவிட்டுட்டு வந்தேன். ரெண்டு வரிசை முடிச்சுட்டுதான் எழுந்தேன். புனல் இருந்த இடத்துல இருந்து…"

டாக்டரின் மனைவி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். "அந்த நேரத்துலதான் தம்பி நான் மேஜையைத் துடைச்சேன். புனலைத் தூக்கினேன், திரும்ப வச்சேன். வரிசைக் கடைசியில வச்சது ஞாபகம் இருக்கு. முதல் வரிசையா, ரெண்டாவதா…"

புனல் முதல் வரிசைக் கடைசிக்குப் போனதால், இரண்டாவது வரிசைக்கு இரண்டு முறை மருந்து விழுந்திருந்தது. ஒருவர் வலியில் துடித்த மனிதனுக்காக எழுந்து போனார். இன்னொருவர் தூசி படக் கூடாதென்று துடைத்தார். இரண்டு நல்ல காரியங்கள் கைகோத்துக்கொண்டு போய் டீச்சரின் பிஸ்டலை உடைத்துவிட்டன. நல்லது செய்கிறவர்கள் கொஞ்சம் கவனமாகவும் இருந்துவிட்டால் கடவுளுக்கு வேலை பாதியாகக் குறையும்.

டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "எல்லாரும் என்னை டாக்டர் டாக்டர்னு கூப்பிடுறாங்க மாப்பிள்ளை. நாளையில இருந்து என்னன்னு கூப்பிடுவாங்க?"

மெக்கானிக் எழுந்தார். "இந்த ஒன்பதையும் பிரிச்சு மருந்தைக் கொட்டிடுங்க மச்சான். அது போதும்."

"தம்பி, அதையெல்லாம் இங்கேயே விட்டுட்டுப் போனா?" என்றார் டாக்டரின் மனைவி. "அதுதானே உன் சாட்சி?"

"சாட்சி அவர்கிட்டயே இருக்கட்டும் அக்கா. சாவி போனா வேற அறை பார்த்துக்கலாம். மச்சானுக்கு வேற ஆள் பார்க்க முடியுமா?"

நான்கு மணிக்குக் கமிட்டி கூடியது. மெக்கானிக் வீங்கிய கூட்டைக் காட்டினார். "தோட்டாவுலதான் கோளாறு சார். அதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்றதுக்கில்லை."

"டாக்டர் வந்து சொல்லட்டும், நம்புறேன்," என்றார் செயலாளர்.

மெக்கானிக் இடுப்பிலிருந்த சாவியைக் கழற்றினார். பதினெட்டு வருடம் தொங்கிய இடத்தில் பெல்ட் தேய்ந்திருந்தது. சாவியை மேஜையில் வைத்தார்.

அப்போது கதவு திறந்தது. டாக்டர் நின்றார். ஓய்வு பெற்ற பிறகு தொடாத வெள்ளைக் கோட்டைப் போட்டிருந்தார். வயிற்றுக்கு நேரே இருந்த பொத்தான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தது. நேராக வந்து, ஒன்பது தோட்டாக்களையும் சாவிக்குப் பக்கத்தில் வரிசையாக அடுக்கினார்.

"டீச்சரம்மா, உங்க பிஸ்டலை உடைச்சது நான்தான். இதுல ஒவ்வொண்ணுலயும் ரெண்டு பங்கு மருந்து இருக்கு. நிறுத்துப் பாருங்க."

செயலாளருக்குப் பொறுக்கவில்லை. "உங்க வீட்டுல வேற யாராவது நடுவுல கை வச்சிருப்பாங்க டாக்டர்…"

"யாரும் வைக்கலை. நான் உள்ளே பார்க்கலை, அவ்வளவுதான். நாற்பது வருஷம் எத்தனையோ வாய்க்குள்ள லைட் அடிச்சுப் பார்த்தவன், பத்துக் கூட்டுக்குள்ள எட்டிப் பார்க்கலை."

கதவுக்கு வெளியே நின்ற டாக்டரின் மனைவி, சேலைத் தலைப்பால் கண்ணை ஒற்றிக்கொண்டார்.

செயலாளர் தன் தாடையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "டாக்டர், என் கடைவாய்ப் பல்லு… சரியானதைத்தானே எடுத்தீங்க?"

முதலில் சிரித்தது டீச்சர். அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. அந்தச் சிரிப்புக்கு நடுவே செயலாளர் எழுந்து, சாவியைத் தன் கையால் எடுத்து மெக்கானிக்கிடம் நீட்டினார். "மன்னிச்சுக்கங்க. அவசரப்பட்டுட்டேன்."

டாக்டர் கழகத்தில் இருந்த தன் பிஸ்டலை டீச்சருக்குக் கொடுத்தார், சீல் பிரிக்காத கம்பெனித் தோட்டா ஒரு பெட்டியோடு. எரிகிற கையோடு மறுநாள் சுட்ட டீச்சருக்கு மூன்றாவது இடம் கிடைத்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை டாக்டர் வீட்டு மேஜை முன்னால் மூன்று பேர் உட்கார்ந்தார்கள். டாக்டர் மருந்து போட்டார். மெக்கானிக் பல் பார்க்கிற விளக்கைப் பிடித்தார். டாக்டரின் மனைவி ஒவ்வொரு கூட்டையும் குனிந்து பார்த்து, "ஆ… நல்லா இருக்கு, அடுத்தது," என்றார்.

இருபதாவது கூட்டில் வாசலில் லாரி டிரைவரின் குரல் கேட்டது. "டாக்டர்! இந்தப் பக்கமும் வலிக்குது!"

டாக்டர் புனலைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். பிறகு, போட்டு முடித்த இருபது கூடுகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கி, மருந்தைத் திரும்ப அதன் டப்பாவிலேயே கொட்டி மூடினார்.

"வந்துட்டேன்ப்பா," என்று எழுந்து போனார்.