மரீஸ் பின்னால் வந்த நாள்

"நீ முன்னாடி போ," என்றாள் மரீஸ். ஹெல்மெட் வாரைத் தாடைக்கடியில் மாட்டிக்கொண்டே, உப்பை எடு என்பதுபோலச் சொன்னாள். நாங்கள் சேர்ந்து பைக் ஓட்ட ஆரம்பித்த காலத்திலிருந்து அவள் முன்னால், நான் பின்னால். ஓய்வு பெறும்வரை பள்ளிக்கூடத்துப் பேருந்து ஓட்டியவள். இன்னொருத்தர் வண்டிக்குப் பின்னால் போவது அவளுக்கு ஆகவே ஆகாது. நானோ அலேஸ் நகரத்தில் சலூன் வைத்திருப்பவள். நாள் முழுக்கப் பிறர் தலைக்குப் பின்னால் நிற்பதுதான் என் பிழைப்பு. குளிர்காலம் முழுக்க அவளிடமிருந்து ஒரு போன் இல்லை. முந்தாநாள் அவளாகவே கூப்பிட்டு, ஃபுளோராக் வரைக்கும் ஒரு சுற்று போய்வரலாமா ரெஜீன் என்று கேட்டதும், முடிவெட்ட வரவிருந்தவர்களை எல்லாம் அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட்டு அவள் வீட்டுக்கு ஓடி வந்திருந்தேன். என்னைப் போல ஒரு அசடு உண்டா?

"என்னடி திடீர்னு இந்த மரியாதை?"

"உன் வண்டி புதுசு. என் புகையை நீ எதுக்குக் குடிக்கணும்? போ, போ."

மலை உச்சியை ஒட்டிப் போகும் சாலை. ஜூன் மாதம், செஸ்ட்நட் மரங்கள் பூத்து அந்தப் புளித்த வாசனை ஹெல்மெட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது. வேலை நாளாக இருந்தும் எதிரே நிறையப் பைக்குகள். எங்கள் பக்கத்தில், எதிரே பைக்கில் வருபவர் யாராக இருந்தாலும் இடது கையைத் தாழ்த்தி இரண்டு விரலை நீட்டியாக வேண்டும். இதில் மரீஸ் காவல்துறையைவிட மோசம். ஒருமுறை விரல் நீட்டாமல் போன ஒருவனை வண்டியைத் திருப்பிக்கொண்டு பெட்ரோல் பங்க்வரை துரத்திப் போய், "உங்க வீட்டுல உனக்கு வணக்கம் சொல்லக் கத்துக்கொடுக்கலையா?" என்று கேட்டவள். அவளைத்தான் அன்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டே போனேன். இரண்டு பேர் வந்தார்கள், நான் நீட்டினேன், அவள் நீட்டவில்லை. பிறகு ஒரு கூட்டமே வந்தது. ஒவ்வொருவனும் கையைத் தாழ்த்திக்கொண்டு போனான். அவள் இரண்டு கையாலும் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு சிலைபோல வந்தாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. நான் புது வண்டி வாங்கியது பொறுக்கவில்லை, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வருகிறாள் என்றே நினைத்தேன். அந்தக் கோபத்திலேயே வளைவுகளில் வேகத்தைக் கூட்டினேன். அவளும் விடாமல், என் பின்சக்கரத்தில் ஒட்டிக்கொண்டதுபோல வந்தாள்.

ஃபுளோராக்கில் மரத்தடி மேசை. கரும்பலகையில் சாக்கட்டியால் அன்றைய சாப்பாட்டை எழுதியிருந்தார்கள். அவள் பலகைப் பக்கம் தலையைத் திருப்பினாள், திரும்ப என் பக்கம் திருப்பினாள். "நீ என்ன சாப்பிடறியோ அதையே எனக்கும் சொல்லிடு." கோபம்தான் எனக்கு இன்னும் தீரவில்லையே. பரிமாறும் பெண்ணிடம் வாய் திறக்காமல் பலகையில் ஆட்டுக்குடலைத் தொட்டுக் காட்டினேன். மரீஸுக்குக் குடல் என்றால் குமட்டும். அந்த வாசனை வரும் வீட்டுக்குள்கூட நுழையமாட்டாள். தட்டு வந்தது. அவள் தலையைக் கோழிபோல ஒரு பக்கமாகச் சாய்த்து அதைப் பார்த்தாள். மூக்கு சுருங்கியது. கத்துவாள், தட்டை என் பக்கம் தள்ளுவாள், நானும் பதிலுக்குக் கத்தித் தீர்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். அவள் முள்கரண்டியை எடுத்தாள். மெல்லாமல் விழுங்கி விழுங்கி, ரொட்டியால் தட்டைத் துடைக்கும்வரை சாப்பிட்டாள். என் தட்டில்தான் பாதி அப்படியே கிடந்தது.

"மரீஸ், என்னைப் பாரு."

"பாத்துக்கிட்டுதானே இருக்கேன்."

"என் காதைப் பாக்கிற."

"நல்ல காதுதான். முடியைத் தூக்கிக் கட்டினா இன்னும் நல்லா இருக்கும். எழுந்திரு, நேரமாகுது."

நான் எழுந்தேன். வேறு என்ன செய்வது? திரும்பும் வழியில் ஒரு சின்னக் குடியிருப்பு. ஏழெட்டு வீடுகள், நடுவே சாலை. ரொட்டி வண்டி ஓரமாக நின்றிருந்தது. நான் வேகத்தைக் குறைத்து அதைக் கடந்தேன். நான் கடந்த பிறகு, நீல மேலங்கி போட்ட ஒரு கிழவர் நீளமான ரொட்டியைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு சாலையில் இறங்குவது கண்ணாடியில் தெரிந்தது. அவருக்குப் பின்னால் மரீஸ். ஹார்ன் இல்லை, பிரேக் இல்லை, இம்மி விலகலும் இல்லை. கிழவர் சுவரோடு சுவராக விழுந்தார். ரொட்டி அவள் சக்கரத்தில் பட்டுச் சிதறியது. நான் அடுத்த பாலத்தருகே வண்டியை நிறுத்தினேன். அவளும் வந்து பக்கத்தில் நின்று ஹெல்மெட்டின் முன்கண்ணாடியைத் தூக்கினாள்.

"ஏண்டி நின்னுட்ட?"

அவளுக்குத் தெரியவே இல்லை. நான் சொன்னேன். அவள் சாலையைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு எஞ்சினை அணைத்தாள்.

"எத்தனை நாளா இப்படி?" என்று கேட்டேன்.

"குளிர் ஆரம்பிச்சப்போலேருந்து. நட்டநடுவுல ஒரு அழுக்கு மாதிரி. துடைச்சாப் போகாது. ஓரமெல்லாம் தெரியுது. டாக்டர்கிட்ட காட்டிட்டேன், திரும்பாதாம்."

"அப்புறம் எந்தத் தைரியத்துல ஏறி உக்காந்த?"

"உன் பின்னாடி சிவப்பு லைட் இருக்கில்ல. தலையைக் கொஞ்சம் சாய்ச்சா நல்லாவே தெரியுது. அது சாயற பக்கம் நானும் சாயறேன். அவ்ளோதான்."

"அதுக்குத்தான் என்னைக் கூப்பிட்டியா?"

அவள் கையுறையைக் கழற்ற ஆரம்பித்தாள். ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். இத்தனை வருஷப் பழக்கத்துக்கு ஒரு பொய் சொல்லக்கூடவா எனக்குத் தகுதியில்லை? குருடர்கள் நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு போவார்களே, அந்த நாய்க்காவது தான் எதற்கு முன்னால் போகிறோம் என்று தெரியும்.

"வீடு வரைக்கும்தான் ரெஜீன்," என்றாள், குரல் இறங்கி. "மெதுவாப் போ. அப்புறம் இதைத் தொடவே மாட்டேன். என் மகளுக்குத் தெரிஞ்சா லியோனுக்கு இழுத்துட்டுப் போய் அஞ்சாவது மாடியில உட்கார வெச்சிடுவா. மேல என் வீட்டுக்கு பஸ்ஸும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. இந்த மலையை விட்டா எனக்கு என்னடி இருக்கு?"

ஒரு கணம் சரி என்றுதான் நினைத்தேன். மெதுவாகப் போனால் போயிருக்கலாம்.

"அந்த மனுஷன் செத்திருப்பாருடி."

"சாகலையே."

அந்த ஒரு வார்த்தைதான். கையை நீட்டி அவள் வண்டியிலிருந்து சாவியை உருவினேன். அவள் என் மணிக்கட்டைப் பிடிக்கப் பார்த்தாள். கை காற்றைப் பிடித்தது.

"கண்ணு போனது எனக்கு, பயம் வந்தது உனக்கா? நீ எப்பவும் பயந்தாங்கொள்ளிதான். பின்னாலயே வந்து பழகினவ."

"ஆமா. இப்ப முன்னால நிக்கிறேன்."

"என் மககிட்ட சொல்லுவியா?"

"சொல்லுவேன்."

"அப்ப நமக்குள்ள இத்தோட சரி."

அதற்குள் கிழவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, வாயில் வந்ததையெல்லாம் திட்டிக்கொண்டே வந்து சேர்ந்தார். மரீஸ் மன்னிப்புக் கேட்க அவர் பக்கம் திரும்பினாள். அவருடைய தோளுக்கு மேலே இருந்த வெற்றிடத்தைப் பார்த்து, "மன்னிச்சிடுங்க ஐயா, நீங்க வந்ததை நான் பாக்கலை," என்றாள். கிழவருடைய வசவு பாதியில் நின்றது. அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "வண்டியை என் கொட்டகையில விட்டுட்டுப் போங்கம்மா. வைக்கோல்தான் இருக்கு, ஒண்ணும் ஆகாது," என்றார். நானும் அவரும் தள்ளிக்கொண்டு போனோம். மரீஸ் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்தாள். கொட்டகைக் கதவு மூடும் சத்தத்துக்கு மட்டும் தலையைத் திருப்பினாள்.

என் பின்னால் ஏறிக்கொண்டாள். இடுப்பைப் பிடித்துக்கொள் என்றேன், காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய்ச் சாமான் கட்டும் கம்பியைப் பற்றிக்கொண்டாள். இறக்கம் முழுக்க வளைவு. பின்னால் உட்கார்பவர் ஓட்டுபவரோடு சேர்ந்து சாயவேண்டும், இல்லாவிட்டால் வண்டி வளையாது. அது அவளுக்குத் தெரியாததா? முதல் வளைவிலேயே வண்டி எதிர்ப்பக்கம் வழுக்கிப்போனது. "சாய்டி!" என்று கத்தினேன். எதிர்க்காற்றில் என் குரல் எனக்கே திரும்பி வந்தது. முதல் கியருக்கு இறக்கினேன். சூரியன் எங்களுக்கு இடப்பக்கமாகச் சாய்ந்திருந்தது. வலப்பக்கப் பாறைச் சுவரில் எங்கள் நிழல் கூடவே ஊர்ந்து வந்தது: ஒரு தலை வளைவுக்குள் சாய்ந்திருக்க, இன்னொரு தலை அதற்குப் பின்னால் நட்ட கம்பாக நிமிர்ந்தே இருந்தது.