என் வேலைக்கு வந்த தோள்பை

என் புருஷன் பத்துமலை என்னை வேலையிலிருந்து நிறுத்த முடிவு செய்துவிட்டார். ஆனால் அதை வாய்விட்டுச் சொல்லத் தைரியம் இல்லாமல், "செல்லாயி, ஒரு நல்ல தோள்பை வாங்கணும், நீயும் வந்து பாரு" என்றார்.

அவர் கல்யாணங்களுக்குப் படம் எடுப்பவர். ஈப்போ பக்கம் குனோங் ராபாட்டில் எங்கள் வீட்டு முன்னறைதான் ஸ்டூடியோ. வெளியூர்க் கல்யாணம் என்றால் மோட்டாரில் அவர் முன்னால், நான் பின்னால், என் மடியில் கூடை. பசாருக்கு மீன் வாங்கக் கொண்டுபோகிற பிளாஸ்டிக் கூடைதான். அதில் துண்டை விரித்து கேமரா, பிளாஷ், இன்னொரு லென்ஸ், பேட்டரி, பிலிம் எல்லாம் அடுக்கி, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிவிடுவேன். மணவறை ஓரத்தில் அவர் நிற்பார். அவர் முதுகுக்குப் பின்னால் நான் கூடையோடு நிற்பேன். அவர் திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டுவார். என்ன வேண்டும் என்று நான் கேட்கமாட்டேன், எடுத்து வைத்துவிடுவேன். கல்யாணமான மறுவருஷத்திலிருந்து இப்படித்தான் ஓடியது.

எனக்கு அந்த வேலை அவ்வளவு பிடிக்கும். வீட்டில் கிடந்து, கழுவிப்போட்ட பிலிமுக்குக் காவல் இருப்பதைவிட, காம்பார், ஆயர் தாவார் என்று ஊர் ஊராகப் போய், பொண்ணு அலங்காரம் பார்த்து, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவது எவ்வளவு மேல்! நான் இல்லாவிட்டால் இந்த மனுஷனுக்கு ஒரு கல்யாணமும் ஓடாது என்கிற திமிரும் எனக்குக் கொஞ்சம் உண்டு. இருந்தால் என்ன, உண்மைதானே.

வினை காம்பாரில் வந்தது. அங்கே ஒரு கல்யாணத்தில் இவருடைய மாமன் மகன் மாயாண்டி, சாப்பாட்டுப் பந்தியில் நாலு பேர் கேட்கும்படி, "என்னா மச்சான், கல்யாணத்துக்கு வந்தியா, மீன் வாங்க வந்தியா? பொண்டாட்டிய மீன் கூடைய தூக்க வச்சிட்டியேலா!" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இவர் சிரிக்கவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று விட்டுவிட வேண்டியதுதானே? விடவில்லை. ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்துவிட்டு, பை வாங்கணும் என்று வந்து நின்றார்.

"பை இருந்தா நானே ஒத்த ஆளா சமாளிச்சிருவேன். நீ வீட்டுல நிம்மதியா இருக்கலாம். தோள் வலிக்குதுன்னு அன்னிக்கு சொன்னல்ல?"

அன்றைக்கு எனக்குக் காய்ச்சல். காய்ச்சலில் தோள் வலிக்காமல் தித்திக்குமா? ஆனால் அவரிடம் அதைச் சொல்லவில்லை. வாரேன் என்று மட்டும் சொன்னேன். என் விரலாலேயே என் கண்ணைக் குத்திக்கொள்ளப் போகிறேன், அதையாவது நான் பார்த்துக் குத்திக்கொள்கிறேன் என்று கிளம்பினேன்.

ஈப்போ டவுனில் அபுபக்கர் பாய் கடைக்குப் போனோம். பெட்டி, ஸ்கூல் பை, பயணப்பை எல்லாம் வாசல்வரை தொங்கும் கடை. அடுத்த மாதம் பாய் மகள் நஸீராவுக்குக் கல்யாணம் என்று காதில் விழுந்திருந்ததால், இவர் மாதிரிக்குக் காட்டுகிற ஆல்பத்தையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்திருந்தார். ஒரே நடையில் பையும் வாங்கிக்கொள்ளலாம், கல்யாண வேலையையும் பிடித்துவிடலாம் என்ற கணக்கு.

"வா தம்பி, வா தங்கச்சி. கேமராவுக்குத்தானே? இருக்கு, இருக்கு" என்று பாய் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார்.

நான் கூடையை மேசைமேல் வைத்தேன். சும்மா பையைத் தோளில் மாட்டிக் கண்ணாடி பார்த்தால் என்ன தெரியும்? சாமான் முழுவதையும் உள்ளே வைத்து, மாட்டி, நடந்து, குனிந்து பார்க்க வேண்டும். முதலில் ஒரு கறுப்புத் தோல்பை. பார்க்க லட்சணமாக இருந்தது. ஆனால் வெறும் பையே கல்லாகக் கனத்தது, வார் விரல் அகலம்கூட இல்லை. அவர் மாட்டிக்கொண்டு கடையை இரண்டு சுற்று வந்ததும் சட்டையை விலக்கிப் பார்த்தேன். தோளில் சிவப்பாகக் கோடு விழுந்திருந்தது.

"இத மாட்டிக்கிட்டு பொழுதன்னிக்கும் நிப்பீங்களா? சாயங்காலம் தோள் கழண்டு கையில வந்துரும்."

அடுத்தது, முன்னால் இரண்டு பக்கிள் வைத்தது. "பூட்டு நல்லா கெட்டிலா" என்றார் பாய்.

"கெட்டிதான் பாய். ஐயரு கெட்டிமேளம்னு விரல ஆட்டுற நேரம் பிளாஷ் பேட்டரி தீந்துருச்சுன்னு வைங்க. இவரு ஒரு கையில கேமராவ புடிச்சிக்கிட்டு எந்தக் கையால ரெண்டு பக்கிள கழட்டுவாரு? கட்டுன தாலிய அவுத்து இவருக்காக மறுபடியும் கட்டுவாங்களா?"

பாய் விழுந்து விழுந்து சிரித்தார். இவர் அந்தப் பையைத் தள்ளி வைத்தார்.

மூன்றாவதில் அடித்துணி மெலிசு, மேசையில் வைத்தால் லென்ஸ் இடித்தது. நான்காவதைத் தோளில் மாட்டிக் குனிந்தால் பை முன்னால் வந்து ஆடியது. அதற்கும் மேலே கொண்டுவந்தவற்றுக்கெல்லாம் ஜிப் சரியில்லை, வாசம் சரியில்லை என்று வாய்க்கு வந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாமே, அந்தக் கதைதான். எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் ஒரு பையும் தேறாமல் கூடையோடு வீட்டுக்குப் போய்விட்டால் போதும் என்று மனசுக்குள் ஒரே வேண்டுதல்.

அப்போது பாய் ஏணி போட்டு ஏறி ஒரு கேன்வாஸ் பையை இறக்கினார். பச்சைக் காக்கி நிறம், நாலு விரல் அகல வார், உள்ளே சுற்றிலும் மெத்தென்று பஞ்சு, நடுவில் தடுப்பு. மூடி சும்மா மேலே படுத்திருந்தது. ஒரு விரலால் தள்ளினால் திறந்தது, விட்டால் தானாக மூடிக்கொண்டது.

"இத நீ மாட்டிப் பாரு புள்ள. உனக்குத்தானே எல்லாத்துலயும் குத்தம் தெரியுது" என்றார் இவர், கொஞ்சம் எரிச்சலாக.

சாமானை அடுக்கி, வாரைத் தலைவழியாகக் குறுக்கே போட்டுக்கொண்டேன். பை இடுப்பில் வந்து பிள்ளை மாதிரி உட்கார்ந்தது. கனம் எங்கே போனது என்றே தெரியவில்லை. குனிந்தேன், நிமிர்ந்தேன், வேகமாகத் திரும்பினேன். பை அசையவில்லை. கையை விட்டால் லென்ஸ் ஒரு பக்கம், பிலிம் ஒரு பக்கம், கேட்டதைக் கையில் கொடுத்தது. நான் செய்கிற வேலையை அப்படியே செய்தது.

"எப்படி?" என்றார்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. "நல்லாருக்கு" என்றேன். "கலருதான்..."

"கலரு என்னா கலரு! இது போதும்."

அவர் வாங்கி மாட்டினார். நல்ல உயரம், அதற்கேற்ற தொப்பை. வாரைக் கடைசி ஓட்டைவரை நீட்டியும் பை கக்கத்துக்குக் கீழேயே தொங்கியது. எனக்கு உயிர் திரும்பி வந்தது. உடனே பாய், "தாப்பா தம்பி, பரவால்ல, இதெல்லாம் ஒரு விஷயமா? பக்கத்துலயே செருப்புத் தைக்கிறவன் இருக்கான், ஒரு முழம் வார ஒட்டுப்போட்டு குடுத்துருவான்" என்றார். வந்த உயிர் மறுபடியும் போய்விட்டது.

அந்த நேரம் பாயின் சம்சாரம் ஜொஹரா பீவி அக்கா உள்ளேயிருந்து கோப்பி கொண்டுவந்தார். இவர் பையைக் கழற்றி வைத்துவிட்டு ஆல்பத்தை நீட்டினார். அக்கா ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஒரு படத்தில் நின்றுவிட்டார்.

"மாஷா அல்லா! இந்தப் பொண்ணு எவ்வளவு அழகா சிரிக்குது பாருங்க. மத்ததெல்லாம் பயந்து போயில்ல நிக்கிதுங்க. எங்க நஸீராவ இப்படி எடுக்கணும். தம்பி, எப்படி இத சிரிக்க வச்சீங்க?"

நான் எட்டிப் பார்த்தேன். ஆயர் தாவார் கல்யாணம். அன்றைக்கு இவருக்கு வயிறு சரியில்லை. பொண்ணு அலங்காரத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தவர், திடீரென்று கேமராவை என் கையில் திணித்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு கக்கூசுக்கு ஓடினார். அவர் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து அந்தப் பொண்ணு வாய்விட்டுச் சிரித்தது. நான் பட்டனை அமுக்கினேன். ஆல்பத்தில் ஒட்டும்போது யார் எடுத்தது என்ற பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

இவர் கோப்பியை ஊதினார். இன்னும் ஊதினார்.

அக்காவே தொடர்ந்து பேசினார்: "ஆனா ஒரு சூசா, ஒரு சிக்கல் இருக்கு தம்பி. எங்க வீட்டுல பொம்பளைங்க பக்கம் ஆம்பள வரக்கூடாது. எங்க மாமியா ஒத்துக்கவே மாட்டாங்க. நிக்காஹ் நீங்க எடுத்துருவீங்க. பொண்ண யாரு எடுக்குறது? எடுக்கிற பொம்பள யாரையாவது தெரியுமா?"

சொல்ல வேண்டியது நானில்லை. இவர்தான் சொல்ல வேண்டும். நானே சொன்னால் சபையில் புருஷனைக் கவிழ்த்தவள் என்றாகிவிடும். இவரும் சொல்லாவிட்டால் இனி ஜென்மத்துக்கும் இவரோடு பேசப்போவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். கோபத்தில் கண் கலங்கிவிட்டது.

இவர் கிளாஸைக் கீழே வைத்தார்.

"அந்தப் படம் நான் எடுத்ததில்லக்கா" என்றார். "இவ எடுத்தது."

"அட! அப்ப எப்படி சிரிக்க வச்சே தங்கச்சி?"

"நான் எங்கக்கா சிரிக்க வச்சேன்? இவரு ஓடுனாரு, அது சிரிச்சிச்சு" என்றேன். அழுகையும் சிரிப்புமாக எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பாய் மேசையைத் தட்டிச் சிரித்தார். இவர் காது வரைக்கும் சிவந்துபோய், ஆனால் தானும் சிரித்துக்கொண்டு நின்றார்.

பழைய கேமரா ஒன்று வீட்டில் சும்மா கிடந்தது. ஆம்பிளைப் பக்கம் அவர், பொம்பிளைப் பக்கம் நான் என்று அங்கேயே பேசி முடித்தாயிற்று. பாய் பையைக் கையில் எடுத்தார். "அப்ப இத தைக்க குடுத்துரவா, தம்பி? வார நீட்டணும்ல?"

இவர் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீட்ட வேணாம் பாய். அவ அளவுக்கு சரியா இருக்கு."

பையை வாங்கிக் குறுக்கே மாட்டிக்கொண்டு, காலிக் கூடையையும் எடுத்துக்கொண்டு அவருக்குப் பின்னாலேயே வாசலுக்கு வந்தேன்.

மோட்டாரை எடுக்கப் போனவர் முகத்தை அந்தப் பக்கமே வைத்துக்கொண்டு கேட்டார்: "எல்லாம் சரி புள்ள. அப்ப என் சாமானயெல்லாம் நான் எதுல தூக்குறது?"

கேட்டுவிட்டு, வழக்கம்போலத் திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டினார். என்ன வேண்டும் என்று நானும் கேட்கவில்லை. மீன் கூடையை அந்தக் கையில் மாட்டினேன்.