முப்பது டிகிரி

லீலாவதி ஊருக்குக் கிளம்பிய அன்று எனக்குக் காலை ஷிப்ட். மாற்றிக்கொண்டிருக்கலாம். மாற்றவில்லை. "போகாதே" என்று ஒரு வார்த்தை சொன்னால் நாக்கு அறுந்தா போயிருக்கும்? அதையும் சொல்லவில்லை. அவ்வளவு வீம்பு.

முந்தின நாள் மோதி பாக் குவார்ட்டர்ஸில் பெட்டியை அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "மொகந் தெரியாத ஆளுகளையெல்லாம் கண்கொத்திப் பாம்பாப் பாக்குறீக. எதுத்தாப்புல நிக்கிற என்னையத்தான் தெரியல."

அவள் அண்ணன் வங்கி அதிகாரி. ஆபீஸ் வேலையாக டெல்லி வந்தவர், திரும்பும்போது தங்கையையும் மெட்ராஸ் விமானத்தில் கூட்டிப்போனார். எப்போது வருவாள் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ரேடார் திரையில் விமானங்களை அடையாளம் காண்பது என் வேலை. எல்லா விமானமும் அதில் ஒரே மாதிரி வெளிச்சப் புள்ளிதான். எது யார் என்று சந்தேகம் வந்தால் விமானியை முப்பது டிகிரி திரும்பச் சொல்வோம். எந்தப் புள்ளி வளைகிறதோ அதுதான் அவர். பிறகு பழைய வழியில் போகவிடுவோம்.

அன்று தெற்கே ஒரே ஒரு புள்ளி, மெட்ராஸ் விமானம். சந்தேகத்துக்கு இடமே இல்லை. அதற்குள் அவள் இருந்தாள், போய்க்கொண்டே இருந்தாள். மைக்கை அழுத்தி, இடப்பக்கம் முப்பது டிகிரி திரும்பச் சொன்னேன்.

புள்ளி வளைந்தது. கல்யாணமாகி மூன்று வருஷத்தில் அவளிடம் நான் எதையும் வாய்விட்டுக் கேட்டதில்லை.

பக்கத்து நாற்காலி ஜோதிலிங்கம் எட்டிப் பார்த்தார். "பரமசிவம், அந்தப் பக்கம் வேற பிளேனே இல்லையேப்பா. எதுக்குத் திருப்பினே?"

"ஒரு சந்தேகம் சார்."

"அச்சா" என்று தன் திரைக்குத் திரும்பினார்.

செய்தது தப்புதான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, விமானியை அவர் வழியில் போகச் சொன்னேன். புள்ளி திரையின் ஓரத்துக்குப் போய் மறைந்தது.

பத்து நாள் கழித்து மதுரையிலிருந்து இன்லேண்ட் லெட்டர் வந்தது. நலம் விசாரித்து நாலு வரி. அடியில் இடுக்கிக்கொண்டு இன்னும் கொஞ்சம்:

"கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் பிளேன் ஒருபக்கமாகச் சாய்ந்து திரும்பியது. டெல்லிக்கே போகிறது என்று நினைத்து, இறங்குவதற்குப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அண்ணன் சிரித்தார். அப்புறம் நேராகப் போய்விட்டது. மெட்ராஸ் வரைக்கும் பையைக் கீழே வைக்கவில்லை."

சட்டையை மாட்டிக்கொண்டு தபாலாபீசுக்கு ஓடினேன். தந்திப் படிவத்தில் இவ்வளவுதான் எழுதினேன்:

"திருப்பியது நான்தான். வந்துவிடு."