மலை ஏறிய மர வீடு

லிஃப்ட் மெக்கானிக்கும் அவர் மனைவியும் மலையடிவாரத்தில் தங்கியிருந்த மர வீடு, இரண்டாம் நாள் காலையில் தரையை விட்டு ஒரு முழம் எழும்பி நின்றது. ஒரு முழம் என்பது அவர் கணக்கு. மனைவி ஒரு சாண் என்றுதான் சொல்வாள், அவள் சொல்வதே சரியாகவும் இருக்கலாம். தவறு அவருடையது என்பதில் இருவருக்கும் சண்டை இல்லை. வந்து இறங்கிய மாலையே வீட்டுத் தரை ஒரு பக்கம் சாய்ந்திருப்பதை அவர் கண்டுபிடித்துவிட்டார். லிஃப்டும் மாடித் தரையும் நூல் பிசகாமல் ஒட்டி நிற்கவேண்டும் என்றே காலமெல்லாம் பாடுபட்டவருக்குச் சாய்ந்த தரையில் சோறு இறங்கவில்லை. விடிந்ததும் அடியில் புகுந்து, மூலையில் செருகியிருந்த கட்டையைத் தட்டி உருவினார். தரை மட்டமானது. பிறகு வீடு குலுங்காமல் மேலே கிளம்பியது.

"ஊர் சுத்த வந்த இடத்துலயும் சுத்தியலா?" என்றாள் மனைவி.

"ஒரே ஒரு தட்டுதாம்மா."

அவள் சீருடை தைக்கும் கம்பெனியில் வேலை பார்ப்பவள். போன வருடம் முழங்காலில் அறுவை சிகிச்சை ஆனதிலிருந்து அவர் அவளை ஒரு படி ஏற விட்டதில்லை. அவளைப் பார்க்க வேண்டுமென்றால் வேறொரு கட்டிடத்தின் இரண்டாம் மாடியில் குடியிருந்த அவளுடைய அக்காதான் இறங்கி வந்து, தெருவில் நின்று பேசிவிட்டுப் போகவேண்டும். யார் கையையும் பிடிக்காமல் ஒரு மலை உச்சிக்கு நடந்தே போவது என்று அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே முடிவு கட்டியிருந்தாள். அவரோ நல்ல காற்றுக்காக வந்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார்.

இருவரும் நடக்கத் தொடங்கியதும் வீடும் பின்னால் வந்தது. மரங்களுக்கு ஒதுங்கி, வளைவுக்கு வளைவு தாழ்ந்து, கதவைத் திறந்து காட்டியது. எதிரே இறங்கி வந்தவர்கள் அதற்கு வழிவிட்டார்கள். ஒருவர் உள்ளே வெந்நீர் வருமா என்று விசாரித்தார்.

"ஏறிக்க. ரெண்டே நிமிஷத்துல உச்சி," என்றார் மெக்கானிக் மனைவியிடம்.

"நீங்க ஏறிப் போங்க. நான் நடந்து வரேன்."

அவர் ஏறவில்லை. உச்சிக்குக் கீழே, செங்குத்தான பாறையில், அவள் முழங்கால் மடங்கிவிட்டது. உட்கார்ந்தாள். வீடு இறங்கி வந்து, பாறையோடு வாசற்படியை இம்மியும் பிசகாமல் ஒட்ட வைத்தது. அந்த வேலைப்பாட்டைத் தொழில் முறையில் ஒரு கணம் ரசித்துவிட்டு, அவர் கையை நீட்டினார்.

"தொட்டீங்கன்னா அவ்வளவுதான். ஒரு வருஷமா என்னைப் பார்சல் மாதிரி தூக்கிட்டுத் திரியறீங்க."

அவர் முகம் சுண்டிப்போயிற்று. வெகுநேரம் அவளையும் பள்ளத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வீட்டின் கதவைச் சாத்தி, சுவரில் தட்டி, "நீ முன்னாடி போ," என்றார். வீடு போய்விட்டது. இனி இருவரும் நடந்துதான் ஆகவேண்டும். கைகள் தாமாக நீண்டுவிடுமோ என்று பயந்து, இரண்டையும் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

அவள் பாறையைப் பிடித்து எழுந்தாள். காலை ஊன்றிப் பார்த்தாள், நின்றது. ஏறினாள். பின்னால் அவர் சறுக்கும் சத்தம் கேட்டது.

"கையை வெளியில எடுங்க! விழுந்து தொலைக்கப் போறீங்க."

உச்சியில் வீடு மட்டமாக உட்கார்ந்திருந்தது. முதலில் போய்ச் சேர்ந்தவள் அவள்தான். வாசற்படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். இளைக்க இளைக்க வந்து சேர்ந்தவரைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது, அவரும் சிரித்தார். அன்று மாலை வரை அவள் அந்தப் படிகளில் சும்மாவே ஏறி ஏறி இறங்கினாள். அவர் உள்ளே போய், கைகளைத் தலைக்கு அடியில் வைத்துப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் வீட்டுச் சாவியைத் திரும்ப வாங்க வந்த காவல்காரர், அடிவாரத்தில் வெறும் தரையைக் கண்டு, வேர்க்க விறுவிறுக்க மேலே வந்தார். வீட்டை ஒரு சுற்றுச் சுற்றினார். தண்ணீரை இனி இவ்வளவு தூரம் சுமக்க வேண்டுமே என்று அலுத்துக்கொண்டார். கீழே திரும்பியதும், மர வீட்டுக்கு வழிகாட்டும் பலகையின் அம்புக்குறியை மேல்நோக்கித் திருப்பி ஆணி அடித்தார்.