வாசலில் போட்ட மெத்தை

கணினிக்குள் எரிகிற நெருப்பு சுடாது என்று யார் சொன்னது? அன்று காலை பத்தேகால் மணிக்கு அது அவளைச் சுட்டது.

நெருப்பைக் கணக்குப் போடுவதுதான் அவள் வேலை. என்ஜினின் எரிகலனுக்குள் காற்றைச் சுழற்றி விடுவார்கள். அந்தச் சுழலின் நடுவில் எரிபொருள் பற்றிக்கொண்டு, ஓடிப்போகாமல் அங்கேயே நின்று எரிய வேண்டும். நிற்குமா, உறுமுமா, உறுமினால் எவ்வளவு அழுத்தம் எழும் என்பதையெல்லாம் முன்கூட்டியே கணினியில் கொளுத்திப் பார்த்துச் சொல்ல வேண்டியவள் அவள். நிஜத்தில் கொளுத்துகிறவன் வேறு யாருமில்லை, அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். அதே வளாகத்தின் கோடியில் இருக்கிற சோதனைக் கொட்டகையில் பதினெட்டு வருடமாக ஃபிட்டர்.

கொட்டகைக்காரர்களுக்குக் கணினிக்காரர்கள் எல்லோரும் ஜோசியர்கள். அண்ணன் ஒருபடி மேலே போய், தங்கையின் நெருப்புக்குப் பொம்மை நெருப்பு என்று பெயரே வைத்துவிட்டான். கிண்டல் கிண்டலாக இருக்கட்டும், ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் போன் மட்டும் தவறாமல் வந்துவிடும்.

"உன் பொம்மை என்ன சொல்லுது? பக்கத்துல உக்காரலாமா?"

"உக்காரு. சாதுவாத்தான் இருக்கு" என்று அவள் சொன்ன பிறகுதான் ஸ்டூலைத் தூக்குவான்.

எத்தனை கேமரா வைத்தாலும் தீயின் அடிப்பகுதி லேசாக நகர்வதை முதலில் கண்டுபிடிப்பது அவன் கண்தான். அவள் அறிக்கையில் அழுத்தம் எல்லைக்குள் இருந்தால் அவன் ஸ்டூல் கண்ணாடி ஜன்னலுக்குப் பக்கத்தில் இருக்கலாம். எல்லையைத் தாண்டினால் கான்கிரீட் சுவருக்குப் பின்னால் போய்விட வேண்டும். கொட்டகையின் விதி அது. அன்றைய சோதனை பதினொரு மணிக்கு. போன் வந்தது, அவளும் உட்காரச் சொல்லிவிட்டாள்.

சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். பார்வையாளர்களுக்குக் காட்ட ஒரு படம் செய்வோமே என்று அந்தக் கணக்கைத் திறந்தாள். அழுத்தக் கோடு இஸ்திரி போட்ட மாதிரி கிடந்தது. இரண்டு மாதமாகப் பார்த்துப் பார்த்துப் பெருமைப்பட்ட கோடுதான், இன்றைக்கு என்னவோ கண்ணை உறுத்தியது. தீயிலிருந்து கிளம்புகிற அழுத்த அலைகள் எரிகலனின் வாசல் வரை வருகின்றன, வந்ததும் பேச்சுமூச்சில்லாமல் அடங்கிவிடுகின்றன. நிஜத்தில் அவை வாசலில் மோதித் திரும்பி வந்து தீயைப் பிடித்து உலுக்க வேண்டும். கணக்கின் அமைப்புக் கோப்பைத் திறந்தாள். நாற்பத்தோராவது வரியில் அவளே எழுதி வைத்திருந்தாள்: 'வாசலில் மெத்தை. தீ நிலைத்ததும் எடுத்துவிடவும்.'

எடுக்கவில்லை.

பற்றவைத்த புதிதில் இந்த மாதிரிக் கணக்குகள் தறிகெட்டு ஓடிப் பாதியில் படுத்துவிடும். அதற்காக வாசலில், வருகிற அலையையெல்லாம் விழுங்குகிற ஒரு பகுதியைத் தற்காலிகமாகப் போடுவார்கள். அவர்கள் பேச்சில் அது மெத்தை. தீ நின்றதும் உருவிவிட வேண்டும். உருவ வேண்டிய வாரத்தில் அண்ணன் மகளுக்கு விடாத காய்ச்சல். அண்ணிக்குத் துணையாக ஐந்து நாள் ஆஸ்பத்திரியே கதியென்று கிடந்தாள். பக்கத்து மேஜைக்காரர் பாவம், உதவி செய்வதாக நினைத்துக் கணக்கைத் தொடர்ந்து ஓடவிட்டிருந்தார். திரும்பி வந்தவள் அழகாக எரிகிற தீயைக் கண்டு பூரித்துப் போனாளே தவிர, அந்த வரியை எட்டிப் பார்க்கவில்லை. மெத்தையில் படுத்துத் தூங்கியது தீ இல்லை, நான்தான் என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அண்ணனைப் போனில் பிடிக்க முடியாது. கொட்டகைக்குள் நுழைகிறவர்கள் போனைப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். பிரிவுத் தலைவரிடம் ஓடினாள். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது, கேட்டதும் அவருக்கே வியர்த்துவிட்டது. மெத்தை இல்லாவிட்டாலும் தீ சாதுவாகவே இருக்கலாமே, மறுபடி ஓட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொல்லலாமே, இப்போதே தம்பட்டம் அடித்தால் இனி நம் அறிக்கையை எவன் நம்புவான் என்றார். மறுபடி ஓட்ட ஒன்பது நாளாகும், சோதனைக்கு அரை மணி நேரம்தான் இருக்கிறது என்றாள்.

"கொஞ்சம் பொறும்மா. ஒண்ணும் ஆகாது" என்றார் அவர்.

அவளுக்கும் அதை நம்ப ஆசையாகத்தான் இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், மாடிப்படியில் இரண்டு நிமிடம் நின்றுகூடப் பார்த்தாள். இத்தனை வருடம் கட்டிய பேர், ஜோசியர் என்று சிரிக்கப்போகிற கொட்டகை, எல்லாம் கண்முன் வந்து போயின. அப்புறம், ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணாடியில் மூக்கு உரசக் குனிந்திருக்கும் அண்ணன் முகம் வந்தது. அதற்கு மேல் நிற்க முடியவில்லை. செருப்பு வார் அறுந்தும் ஓடினாள்.

அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்தபடி ஜன்னலைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். சோதனை அதிகாரியோடு ஆறேழு பேர் சுற்றி நின்றார்கள்.

"அண்ணா, எந்திரி. நான் சொன்னது தப்பு" என்றாள்.

அதிகாரி கேட்ட கேள்வி ஒவ்வொன்றும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி இருந்தது. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள், ஒன்றையும் மறைக்கவில்லை. சோதனை நின்றது. ஒவ்வொருவராகக் கலைந்து போனதும் அண்ணன் கேட்டான்.

"எந்த வாரம் விட்டுப்போச்சு?"

"பாப்பா ஆஸ்பத்திரியில இருந்தப்போ."

துணியை நான்காக மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். "அதை யார்கிட்டயும் சொல்லாத. சாக்கு மாதிரி இருக்கும்" என்றான்.

ஒன்பதாம் நாள் கணக்கு முடிந்தது. மெத்தை இல்லாத தீ உறுமியது. அழுத்தம் எல்லையைப் போல நான்கு மடங்குக்கு ஏறியிருந்தது. அந்தக் கண்ணாடி அதில் பாதியைக்கூடத் தாங்காது. கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

பிறகு காற்றைச் சுழற்றுகிற தகடுகளின் சாய்வை மாற்றினார்கள். புதிதாகக் கணக்கு ஓட்டினார்கள். வரிவரியாக மூன்று பேர் சரிபார்த்தார்கள். கோடு எல்லைக்கு வெகு கீழே அடங்கிக் கிடந்தது. மெத்தை இல்லை என்பதை மட்டும் அவள் தனியாகப் பதினொரு தடவை பார்த்தாள்.

மறுபடி சோதனை நாள். மேஜையில் இருப்புக்கொள்ளாமல் அவளே கொட்டகைக்கு வந்திருந்தாள். அண்ணன் ஸ்டூலைக் கையில் தொங்கவிட்டபடி வந்து எதிரே நின்றான். எதுவுமே நடக்காத மாதிரி, அதே பழைய சிரிப்பு.

"என்ன சொல்லுது உன் பொம்மை? உக்காரலாமா?"

'உக்காரு' என்கிற ஒற்றைச் சொல்தான். கணக்கும் அதைத்தான் சொன்னது, அறிக்கையில் மூன்று பேர் கையெழுத்தோடு அதுதான் இருந்தது. அவள் வாயைத் திறந்தாள். அந்தச் சொல் வரவில்லை. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். அண்ணன் அவசரப்படுத்தவில்லை, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் கண் கலங்குவதைப் பார்த்ததும் அவன் சிரிப்பு மெல்ல அடங்கியது.

"சரி விடும்மா. சுவர்ல சாஞ்சுக்கிட்டா முதுகுக்கும் நல்லதுதான்" என்று ஸ்டூலைத் தோளில் மாட்டிக்கொண்டு சுவருக்குப் பின்னால் போய்விட்டான்.

சோதனை முழுக்கத் தீ சாதுவாக நின்று எரிந்தது, அவள் கணக்கில் எப்படியோ அப்படியே. அதைப் பார்க்க வேண்டிய கண் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.